ஊரெல்லாம் பிளாஸ்க்

இந்தப் பக்கம் உக்காருங்க தம்பி. அந்தப் பக்கம் வேண்டாம், ஊரைத் தாண்டினதும் வெயில் மூஞ்சியில அறையும். மணி ஒன்பதரை. பஸ்ஸு வடக்க மதுரைக்குப் போகுது, சூரியன் கிழக்க நிக்குது, அப்ப நிழல் எந்தப் பக்கம்? இடது பக்கம். இது ஒரு பெரிய வித்தையா! பாருங்க, அத்தனை பேரும் வலது பக்கம் இடம் பிடிச்சிட்டு, இப்பத் துண்டை எடுத்து ஜன்னல்ல தொங்கவிடுறான்.

என் பேரு சீனிராஜ். சர்வேயர் சீனிராஜ்னு கோவில்பட்டி தாலுகாவுல கேட்டுப் பாருங்க. முப்பத்தோரு வருசம் நிலம் அளந்தவன். சங்கிலி பிடிச்சு அளந்த காலத்துல இருந்து மிஷின் வந்த காலம் வரைக்கும். கண்ணைக் கட்டி எந்தக் காட்டுல கொண்டு போயி விட்டாலும், அவுத்ததும் ஒரு தடவை வானத்தைப் பாப்பேன், வடக்கு இதுதான்னு சொல்லிருவேன். பெருமைக்குச் சொல்லல. தொழில் அப்படி.

பெட்டியா? பெரிய பெட்டிதான். மதுரை வரைக்கும் போறேன், அது கிடக்கட்டும். அதுல ஒட்டியிருக்கிற சீட்டைப் பாக்கீங்களாக்கும். ஏப்ரல் மாசம் ஏர்ப்போர்ட்ல ஒட்டினது. தென் அமெரிக்காவுல உருகுவேன்னு ஒரு நாடு, அதுல மொண்டெவிடேயோன்னு ஒரு ஊரு. அந்தப் பேரைத் தடுக்காமச் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு. அந்த ஊரைப் பத்தி மட்டும் என்கிட்டக் கேக்காதீங்க. கேட்டுட்டீங்க, சொல்றேன்.

என் மக பூரணி அங்க இருக்கா. மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. கல்யாணமாகி ஆறு வருசம் கழிச்சு இப்பத்தான் முழுகாம இருக்கா. அதான் நானும் என் வீட்டுக்காரி ஜோதிமணியும் கிளம்பினோம். மூணு பிளேன் மாறிப் போகணும் தம்பி. கடைசிப் பிளேன்ல இருந்து எறங்கும்போது, அன்னைக்கு என்ன கிழமைன்னு ரெண்டு பேருக்கும் தெரியல.

இதுல ஒரு சிக்கல். பூரணி ஃபோன்லயே அவ அம்மாகிட்டக் கேட்டுட்டா, "பிரசவம் முடியுற வரைக்கும் இருந்துரும்மா"ன்னு. எனக்கு மூணு வாரத்துக்குத்தான் டிக்கெட்டு. ஏன்னா பொண்ணைக் கொடுத்த வீட்டுல மாமியா இருக்கலாம், அதுக்குக் காரணம் இருக்கு. மாமனார் மாசக்கணக்குல மருமகன் சோத்தைத் தின்னுக்கிட்டு சோபாவுல சாஞ்சிருந்தா நல்லாவா இருக்கும்? எங்கப்பா எங்க அக்கா வீட்டுக்குப் போனா ஒரு வேளைச் சாப்பாட்டோட எந்திரிச்சிருவாரு. அப்படி வளந்தவன் நான்.

ஜோதி என்ன சொன்னா? "ஊரைப் பாத்துட்டுச் சொல்றேன்"ன்னா. அப்ப எனக்கு ஒரே நெனப்புதான். ஊரு அவளுக்குப் பிடிக்கக் கூடாது. பிடிக்கலேன்னா என்கூடவே திரும்பிருவா, பேறுகால சமயத்துக்குத் தனியா வந்துக்கிடலாம். அதுக்காகக் கெட்ட எண்ணத்துல ஊரைச் சுத்திக் காட்டினேன்னு நெனைக்காதீங்க. உள்ளதை உள்ளபடி காட்டினேன், அவ்வளவுதான்.

மொத நாள் சாயங்காலம் கீழ எறங்கினோம். லிஃப்டுல ஒரு அம்மா, எழுபது வயசு இருக்கும். ஜோதியைப் பாத்துச் சிரிச்சாங்க, கிட்ட வந்தாங்க, கன்னத்தோட கன்னத்தை வச்சு ஒரு முத்தம். எனக்குச் சிரிப்புத் தாங்கல. "பாத்தியா, அறிமுகம் இல்லாதவங்களை இப்படியா?"ன்னு சொல்ல வாயைத் திறக்கிறேன், அந்த அம்மா என் பக்கம் திரும்பிட்டாங்க. நான் அப்படியே கல்லு மாதிரி நின்னேன். லிஃப்டு கீழ வர்ற வரைக்கும் ஜோதி என் மூஞ்சியைப் பாக்கவே இல்ல. தோளு மட்டும் குலுங்குச்சு.

வெளிய வந்தா, தம்பி, எவனைப் பாத்தாலும் கக்கத்துல ஒரு பிளாஸ்க்கு. வெந்நீர் பிளாஸ்க்கு. பொம்பளைக கையில பிளாஸ்க்கு, வாலிபப் பயலுக கையில பிளாஸ்க்கு, கோட்டுப் போட்ட ஆபீசர் கையிலயும் பிளாஸ்க்கு. நம்ம ஊர்ல ஒருத்தன் பிளாஸ்க்கைத் தூக்கிக்கிட்டுத் தெருவுல போனா என்ன அர்த்தம்? யாரையோ ஆஸ்பத்திரியில சேத்திருக்குன்னு அர்த்தம். எதுத்தாப்ல வர்றவன் வண்டியை நிறுத்தி "யாருக்கு என்ன?"ன்னு கேப்பான். இங்க ஊரே பிளாஸ்க்கோட போகுது. ஒயர்க்கூடை இல்லாததுதான் குறை. இன்னொரு கையில குடுவை மாதிரி ஒண்ணு, அதுல பச்சையா ஏதோ இலைத்தூளு, ஒரு இரும்புக் குழாயை வச்சு உறிஞ்சிக்கிட்டே போறான். கசாயம்னு நெனச்சேன்.

எனக்குச் சந்தோசம் வந்துருச்சு. நானா ஒண்ணும் சொல்ல வேண்டாம், ஊரே சொல்லுதே. "ஏ ஜோதி, பாத்தியா? இங்க என்னமோ காய்ச்சல் பரவியிருக்கு. ஆளாளுக்குக் கசாயமும் வெந்நீருமா ஆஸ்பத்திரிக்குப் போறான். இந்த ஊரு ஒடம்புக்கு ஆகாது"ன்னேன்.

அவ நின்னு பாத்தா. ரெண்டு நிமிசம் பாத்தா. "அப்படின்னா பிள்ளைத்தாச்சிப் பொண்ணைத் தனியா எப்படிங்க விட்டுட்டு வர்றது? நான் இங்க இருந்துதான் ஆகணும்"ன்னா.

எப்படி இருக்கு? வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன்.

ரெண்டாம் நாளு கடல் பாக்கப் போனோம். பூரணி வேலைக்குப் போறப்பச் சொல்லிட்டுப் போனா, "தெக்க ஏழு தெரு தாண்டினா கடல்தாம்பா, ஃபோன்ல மேப்பைப் போட்டுக்கோங்க"ன்னு. அந்த ஃபோனை நான் அணைச்சுப் பையில போட்டேன். தெக்கு எதுன்னு எனக்கு ஒரு ஃபோனு சொல்லணுமா? சாப்பிட்டுக் கிளம்பையில மணி பன்னெண்டு. அண்ணாந்து பாத்தேன். நம்ம ஊர்ல வருசத்துல பாதிக்கு மேல நாளு உச்சிச் சூரியன் தெக்கதான் சாஞ்சு நிக்கும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "இதான் தெக்கு, வா"ன்னு நடந்தேன்.

ஏழு தெரு ஆச்சு. கடலைக் காணோம். பத்து ஆச்சு. பதினாலு ஆச்சு. பூசணிக்காய்க் கடை வருது, சைக்கிள் ரிப்பேர்க் கடை வருது, ஒரு பெரிய ரயில்வே சுவரு வருது. ஜோதி என் பின்னாடியே வர்றா. முப்பத்தாறு வருசமா அவ பின்னாடி வர்றதுதான் வழக்கம். கோயிலுக்குப் போனாலும் சரி, கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, நான் பத்தடி முன்னால. பதினஞ்சாவது தெருவுல கேட்டா, "ஏங்க, கடல் வத்திப் போச்சா?"

"பூரணி தெருவைத் தப்பா எண்ணியிருக்கா"ன்னேன். வேற என்ன சொல்ல? அப்புறம் அவளுக்குக் கால் வலிக்கும்னு வந்த வழியே திரும்பிட்டோம். அவ கால் வலிக்குதுன்னு சொல்லல. ஆனா வலிக்கும்ல.

மறுநாள் நான் விவரமாத்தான் இருந்தேன். காலையில பால்கனியில நின்னு சூரியன் உதிக்கிறதைப் பாத்தேன். அது கிழக்கு, அப்ப இது தெக்கு. பாத்தா நேத்து நான் போன திசைக்கு நேர் எதிர்த்திசை! எனக்குக் கொஞ்சம் குழப்பமாத்தான் இருந்துச்சு. ஜோதிகிட்டச் சொல்லல. எட்டு மணிக்கே கிளம்பியிருந்தா எல்லாம் சரியா நடந்திருக்கும். இவ பழக்கடையைப் பாத்துட்டா. ஆப்பிளைத் தட்டுறா, மோந்து பாக்குறா, கடைக்காரன்கிட்டத் தமிழ்ல "இது புளிக்குமா?"ன்னு கேக்குறா, அவன் அவன் பாஷையில அரை மணி நேரம் பதில் சொல்றான். எல்லாம் முடிஞ்சு நாலு தெரு முனைக்கு வந்து நின்னா மறுபடியும் பன்னெண்டு மணி. அண்ணாந்து பாக்கேன், காலையில சரியா இருந்த ஊரு அப்படியே திரும்பிக்கிடுச்சு தம்பி! தெக்கு மறுபடி நேத்துப் போன பக்கமே வந்துட்டு.

"இப்படித்தான்"ன்னேன்.

"இப்படித்தான் நேத்தும் போனோம்"ன்னா அவ. "ஏங்க, நான் ஒண்ணு சொல்றேன். பிளாஸ்க்கு வச்சிருக்கிறவங்க அத்தனை பேரும் அந்தப் பக்கம் போறாங்க. இந்தப் பக்கம் ஒருத்தர்கூடப் போகல. நோயாளியைப் பாக்கப் போறவங்க முகமாவா இருக்கு? சிரிச்சுப் பேசிக்கிட்டுப் போறாங்க. காத்து வாங்கப் போறாங்க. அங்கதான் கடலு."

எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. முப்பத்தோரு வருசம் சர்வேயர், எனக்கு ஒரு பிளாஸ்க்கு வழி காட்டணுமா? "அப்ப நீ போ. போய்ப் பாரு"ன்னுட்டு நான் என் பக்கம் நடந்தேன். பின்னாடியே வந்துருவான்னு நெனப்பு. இருபதடி போயிருப்பேன். செருப்புச் சத்தம் கேக்கல. திரும்பிப் பாத்தா, நாலு பக்கமும் காணோம்.

அந்த ரெண்டு மணி நேரத்தை மட்டும் நான் எவன்கிட்டயும் சொன்னதில்ல. பாஷை தெரியாது. அவ கையில ஃபோனு கிடையாது. என்கிட்ட இருக்கிற ஃபோனை எடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டு என்னன்னு சொல்ல? உங்க மாமியாரைத் தெருவுல தொலைச்சிட்டேன்னா? ஒரு போலீஸ்காரரைப் பிடிச்சேன். சேலைன்னு எப்படிச் சொல்ல? தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் கையை இழுத்து முந்தானை காட்டினேன், கொண்டை காட்டினேன், குள்ளம்னு காட்டினேன். அவரு ரொம்ப மரியாதையா என் தோளைத் தட்டி, ஒரு பெஞ்சில உக்கார வச்சு, தண்ணி வாங்கிக் கொடுத்தாரு. எனக்குத்தான் என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சிட்டாரு போல. அந்த பெஞ்சில உக்காந்திருக்கையில, அவ இல்லாம நான் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவேன்னு ஒரு நெனப்பு வந்துச்சு பாருங்க, கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வந்துச்சு.

அப்புறம் எந்திரிச்சு நடந்தேன். எனக்கு முன்னால பிளாஸ்க்கோட ஒரு ஆளு போனாரு. நான் அவரு பின்னால போகல, தெளிவாச் சொல்லிக்கிடுதேன். நான் போக வேண்டிய வழியில அவரு முன்னால போனாரு.

கடைசித் தெரு முடிஞ்சுது, பொசுக்குன்னு கடல். கரையோரமா நீளத்துக்கு ஒரு கல்லுச் சுவரு, அதுமேல ஊரே வரிசையா உக்காந்திருக்கு. நடுவுல ஒரு பச்சைச் சேலை. ரெண்டு பக்கமும் ரெண்டு அம்மாக்க. என் பொண்டாட்டி அந்த இரும்புக் குழாயில வாயை வச்சு உறிஞ்சிக்கிட்டு இருக்கா!

உங்களுக்கு இதோட விசயம் புரியாது தம்பி. நான் குடிச்ச டம்ளரை ஒரு தடவை கழுவிட்டுத்தான் தொடுவா. செம்புல வாய் வச்சுக் குடிச்சா என் அம்மாவையே "அத்தே, அண்ணாந்து குடிங்க"ன்னு சொன்னவ. அவதான் எவளோ குடிச்ச குழாயில, துடைக்கக்கூட இல்ல, உறிஞ்சி முடிச்சு அடுத்த அம்மாகிட்டக் கொடுக்கா. அந்த அம்மா அதுலயே குடிக்காங்க. என்னைக் கண்டதும், "வாங்க வாங்க. எங்க போயிருந்தீங்க? இவங்க கிரசியேலா. ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. மூணு பேரப்பிள்ளைக"ன்னா.

"எந்தப் பாஷையில பேசினே?"

"தமிழ்லதான்."

"எச்சிலு ஜோதி!"ன்னேன் மெதுவா.

"வேண்டாம்னா அந்த அம்மா முகம் வாடிரும்லங்க"ன்னா. என் முகத்தை முப்பத்தாறு வருசத்துல எத்தனை தடவை வாட விட்டிருப்பா, அது போகட்டும். எனக்கும் கொடுத்தாங்க. காய்ச்சல் கசாயம் இல்ல, நமக்கு டீ மாதிரி அவங்களுக்கு அது. கசப்பு! நிலவேம்புக்கு அண்ணன். குடிச்சு வச்சேன்.

ராத்திரிச் சாப்பாட்டுல மாப்பிள்ளை மெதுவா ஆரம்பிச்சாரு. "மாமா, நாம பூமத்திய ரேகைக்குத் தெக்க வந்துட்டோம்ல, இங்க மத்தியானச் சூரியன் வடக்கதான் நிக்கும்." அது எனக்குத் தெரியாதா! டிபார்ட்மெண்ட் பரீட்சையில எழுதிப் பாஸானவன் நான். பயணக் களைப்புல மறந்திருந்தேன், அவ்வளவுதான். இன்னொண்ணும் அவரே சொன்னாரு, அது கடலே இல்லையாம். ஆறாம். அக்கரை தெரியாத அகலத்துக்கு ஒரு ஆறு. பாத்தீங்களா? அப்ப கடலைக் காணோம்னு நான் சொன்னதுல என்ன தப்பு? இதை நான் சொன்னதும் பூரணி சாப்பாட்டை விட்டு எந்திரிச்சு அடுப்படிக்கு ஓடிட்டா. சிரிக்கத்தான். எனக்குத் தெரியாதாக்கும்.

நாலாம் நாளு எந்திரிச்சுப் பாக்கேன், ஆளைக் காணோம். முறுக்கு டப்பாவையும் காணோம். தனியா லிஃப்டுல எறங்கி, தனியா ஏழு தெரு நடந்து, கிரசியேலாவுக்கு முறுக்குக் கொடுக்கப் போயிட்டா. கோவில்பட்டியில தெரு முக்குக் கடைக்குப் போகணும்னாக்கூட "நீங்க வர்றீங்களா"ன்னு கேப்பா. அவளுக்கு நான் இல்லாமக் கால் நடக்காதுன்னு நான் நெனச்சிருந்தேன். உள்ளதைச் சொல்றேன், அதை அவளுக்குக் காட்டத்தான் நான் அவளைச் சுத்திக் காட்டவே கிளம்பினது. நான் போகும்போது அவ அந்தச் சுவத்துல உக்காந்து எதுக்கோ வாய்விட்டுச் சிரிச்சுக்கிட்டு இருந்தா. அப்படிச் சிரிச்சு நான் பாத்து ரொம்ப வருசமாச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குப் பிடிக்கல.

அன்னைக்குச் சாயங்காலம் பூரணி கேட்டா, "இருப்பியாம்மா?" "இருக்கேன்"ன்னுட்டா. யோசிக்கவே இல்ல. மாப்பிள்ளை உடனே, "மாமா, நீங்களும் இருந்துருங்க. அத்தைக்கும் துணை"ன்னாரு. தங்கமான மனுசன். நான் என்ன சொன்னேன்? "அதெப்படி மாப்பிள்ளை, ஊர்ல எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு"ன்னேன். ரிட்டயர்டு ஆன சர்வேயருக்கு என்னய்யா வேலை? ஜோதிக்குத் தெரியாதா? அவ என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. நான் டிவியைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த ஊரு டிவி, ஒரு எழவும் புரியல.

மூணு வாரம் முடிஞ்சு வந்துட்டேன். தினமும் வீடியோவுல பேசுவோம். சாப்டீங்களா, சாப்டேன், மாத்திரை போட்டீங்களா, போட்டேன். பொய்தான். மெஸ்ல வாங்கின சாப்பாட்டைப் பாதி தின்னுட்டு மூடி வச்சிருவேன். யாராவது கதவைத் தட்டினா "ஏ ஜோதி, யாருன்னு பாரு"ன்னு சத்தம் கொடுத்துட்டு அப்புறம் நானே எந்திரிச்சுப் போவேன். இது நாலஞ்சு தடவை நடந்துபோச்சு. வீட்டுல ஆளு இல்லேங்கிறது என் வாய்க்குத் தெரியல தம்பி.

நாப்பத்தி ரெண்டாவது நாளு, சாயங்காலம். அவ வழக்கம்போலச் சாப்டீங்களான்னா. நான் பூரணி ஒடம்பு எப்படின்னு கேட்டேன், மாப்பிள்ளைக்கு வேலை எப்படின்னு கேட்டேன், அங்க குளிரு எப்படின்னு கேட்டேன். அப்புறம்தான் கேட்டேன். "ஜோதி, நான் அங்க வரட்டுமா?"

ஃபோன்ல அவ மூஞ்சியைக் காணோம். லைன் கட்டாயிருச்சோன்னு ஃபோனைத் தட்டினேன். இல்ல, அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்தா. "பதினஞ்சு நாள்ல கேட்டுருவீங்கன்னு பூரணிகிட்டச் சொல்லியிருந்தேன்"ன்னா. "பதினாறாம் நாள்ல இருந்து தினமும் எனக்குப் பயம். இந்த மனுசனுக்கு நான் இல்லாமப் பழகிருச்சோன்னு."

எனக்குப் பழகுறதாவது! நானும் அழுதுட்டேன். என்ன வெக்கம் இதுல? "அடியே, வாங்கன்னு ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தா நான் அன்னைக்கே இருந்திருப்பேனே, ஏன் சொல்லல?"ன்னு கேட்டேன்.

"முப்பத்தாறு வருசமா நீங்க கூப்பிட்டுத்தானா நான் உங்க பின்னால வந்தேன்? நீங்க பாட்டுக்கு நடந்தீங்க, நான் பாட்டுக்கு வந்தேன். ஒரே ஒரு தடவை, கூப்பிடாம நீங்க என் பின்னால வாங்களேன்"ன்னா.

அதான் போறேன் தம்பி.